‘பாவம்’ என்ற சொல்லுக்கு எத்தனை புள்ளி?

தாதியர் கல்லூரியில் படிப்பிக்கிற ஒருவரிடம் போய், “ஓட்டிசம் உள்ள பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞன், பெருமூளை வாதம் உள்ள பெண், இவங்களைப் பராமரிக்கிறது பற்றி உங்கட மனப்பாங்கு என்ன?” என்று கேட்டுப் பாருங்க. “எனக்கு விருப்பமில்லை” என்று ஒருத்தரும் சொல்லப்போறதில்லை. தமிழில் கேட்டால் “பாவம், அவங்களும் மனிசர்தானே” என்று பதில் வரும். சிங்களத்தில் கேட்டால் “அனே பவ்” என்று வரும். இரண்டும் ஒரே சொல்தான். இரண்டு மொழியிலும் அதற்கு இரக்கப்படுகிற அர்த்தமும் இருக்கு, செய்த தீவினை என்ற அர்த்தமும் இருக்கு. ஒரு பிள்ளையைப் பார்த்து ‘பாவம்’ என்னும்போது இந்த இரண்டில் எது முன்னுக்கு நிற்குது என்று சொல்கிறவருக்கே சில நேரம் தெரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கட நாட்டில் தாதியருக்குப் படிப்பிக்கிறவர்களின் மனப்பாங்கை அளக்கத்தான் வேணும். ஆனால் ‘பாவம்’ என்ற சொல்லுக்கு நல்ல புள்ளி போடுகிற அளவுகோலால் அளந்தால், அளக்காமல் விடுவதே மேல். ஏனென்றால் கையில் ஒரு அழகான எண் கிடைக்கும், வாட்டில் ஒன்றும் மாறாது. எண் நல்லா இருக்கிறபடியால் இனி யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

ஏன் ஆசிரியர்களை?

வைத்தியர் ரவுண்ட் வந்து போவார். இருபத்து நாலு மணித்தியாலமும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது தாதியர். பேச முடியாத ஒருவருக்கு நோகுதா, பசிக்குதா, பயமா இருக்கா என்று கண்டுபிடிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். அப்படியென்றால் தாதியரைத்தானே அளக்க வேணும், ஆசிரியரை ஏன் என்று கேட்கலாம்.

ஒரு தாதி தன் வாட்டில் உள்ள நோயாளிகளைப் பார்க்கிறார். ஒரு ஆசிரியர் வருசா வருசம் ஒரு தொகுதி மாணவர்களை உருவாக்குகிறார். சுகாதார அமைச்சின் கீழ் உள்ள கல்லூரிகளில் பயிற்சி மூன்று வருசம். அந்த மூன்று வருசத்தில் மாணவி புத்தகத்தில் படிப்பது ஒரு பக்கம், ஆசிரியரோடு வாட்டுக்குப் போகும்போது கண்ணால் படிப்பது இன்னொரு பக்கம். கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணிடம் ஆசிரியர் நேராகப் பேசுகிறாரா, அல்லது அவளின் தலைக்கு மேலால் தாயிடம் பேசுகிறாரா? “இந்தக் கேஸ்” என்கிறாரா, பெயரைச் சொல்கிறாரா? இதெல்லாம் பாடத்திட்டத்தில் எழுதியிருக்காது. ஆனால் மாணவர்கள் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவது இதைத்தான்.

எங்கட கரையை எடுத்துக்கொள்ளுங்க. கற்பிட்டியில், புத்தளத்தில், சிலாபத்தில் வேலை செய்கிற தாதியர் குருநாகல், அநுராதபுரம் போன்ற ஊர்களில் உள்ள கல்லூரிகளில் படித்துவிட்டு வருகிறார்கள். அந்த ஆசிரியர்கள் கல்பிட்டிக் குடாநாட்டுப் பக்கம் ஒரு தடவையும் வந்திருக்காமல் இருக்கலாம். ஆனாலும் ஆலங்குடாவில், உடப்பில், தில்லையடியில் இருக்கிற ஒரு தாய் தன் பிள்ளையோடு வாட்டுக்குள் நுழையும்போது எந்த முகத்தைச் சந்திப்பாள் என்பதில் அவர்களுக்குப் பங்கு இருக்கு.

பிரித்தானியாவில் தாதியத்துக்கு நான்கு பிரிவுகள் உண்டு. வளர்ந்தோர், சிறுவர், உளநலம், நான்காவதாக அறிவுசார் இயலாமை. அந்த நான்காவது துறைக்கென்றே ஆட்கள் படித்து வருகிறார்கள். அப்படி இருந்தும் 2013இல் வெளிவந்த விசாரணை அறிக்கை ஒன்று, அங்கே அறிவுசார் இயலாமை உள்ள ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 வருசமும் பெண்கள் 20 வருசமும் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்று சொன்னது. தனித் துறை இருக்கிற நாட்டிலேயே நிலைமை அது. இங்கே எல்லாரும் பொதுத் தாதியம்தான் படிக்கிறார்கள். அதனால் விருத்திசார் இயலாமை பற்றி என்ன சொல்லிக்கொடுக்கப்படுகிறது, எப்படிச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பது அந்தப் பொது வகுப்பை எடுக்கிற ஆசிரியரின் கையில்தான் பெரும்பாலும் இருக்கு.

எண்ணாமல் விட்டவர்கள்

இயலாமை உள்ள ஆட்கள் எங்கட பக்கத்தில் குறைவுதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விசயம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்களாகப் பதியப்பட்டார்கள். அந்த “5 வயதுக்கு மேற்பட்டவர்கள்” என்ற இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. விருத்திசார் இயலாமை தெரியவருவது 5 வயதுக்கு முன்னர். பிள்ளை பிந்தி இருக்குது, பிந்தி நடக்குது, கண்ணைப் பார்க்குதில்லை, சொல் வருகுதில்லை என்று தாய் தவிக்கிற வயசு அது. அந்த வயசுப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்குள் இல்லை.

பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, அரை நகர்ப்புறப் பிரதேசம் ஒன்றில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் ‘அது வெளிநாட்டு வருத்தம்’ என்று இனிச் சொல்ல ஏலாது.

இங்கிருந்து சிறப்புச் சேவை தேடிப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான் பார்க்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ‘அயத்தி’ நிலையம் இருப்பது ராகமையில். புத்தளம் ரயில் பாதை பிரதான பாதையில் இருந்து பிரிகிறதும் ராகமையில்தான். வரைபடத்தில் பார்க்க ஒரே தண்டவாளம், லேசான விசயம். ஆனால் நூறு கிலோமீற்றருக்கு மேல், சத்தம் தாங்க மாட்டாத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, கடலுக்குப் போகாத நாளின் கூலியையும் இழந்துகொண்டு போய் வருவது எப்படியென்று போனவர்களிடம் கேளுங்க. அதனால்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி. நிபுணர் என்றால் அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற மிஸ்.

அளவுகோலின் கதை

மனப்பாங்கை எண்ணாக்குவது புது வேலை இல்லை. 1928இல் அமெரிக்க உளவியலாளர் தேர்ஸ்டன் மனப்பாங்கை அளக்கலாம் என்று எழுதினார். 1932இல் லிக்கர்ட் அதை எளிமையாக்கினார். ஒரு கூற்றைக் கொடுத்து ‘முழுமையாக உடன்படுகிறேன்’ தொடக்கம் ‘முற்றாக உடன்படவில்லை’ வரை ஒன்றில் அடையாளம் போடச் சொல்லும் முறை அது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கூகுள் படிவம் எல்லாம் அந்த லிக்கர்ட்டின் பேரப்பிள்ளைகள்தான்.

இயலாமை உள்ளவர்கள் பற்றிய மனப்பாங்குக்கென்று உலகத்தில் மிக அதிகமாகப் பயன்பட்ட அளவுகோல்களில் ஒன்று 1960இல் யூக்கர், பிளொக், கெம்பல் ஆகியோர் உருவாக்கியது. அதன் முதல் வடிவத்தில் 20 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் +3 முதல் -3 வரை போடலாம். கடைசியில் 0 முதல் 120 வரையில் ஒரு மதிப்பெண் வரும். மதிப்பெண் கூடக்கூட மனப்பாங்கு நல்லது. தாதியர், தாதிய மாணவர், தாதிய ஆசிரியர் என்று பல நாடுகளில் பல பேரிடம் இது கொடுக்கப்பட்டிருக்கு.

இதன் அடித்தளத்தில் ஒரு எண்ணம் இருக்கு. இயலாமை உள்ளவர் மற்றவரைப் போலவே இருக்கிறார் என்று நினைப்பது நல்ல மனப்பாங்கு, வித்தியாசமானவர் என்று நினைப்பது கூடாத மனப்பாங்கு. 1960இல், வேலை கேட்டுப் போனவர்களைச் சக்கர நாற்காலியைப் பார்த்தவுடனேயே திருப்பி அனுப்பிய காலத்தில், அது தேவையான எண்ணம்தான். ஆனால் வாட்டில்? டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். தைரொயிட் பிரச்சினையும் கேட்டல் குறைபாடும் மற்றவர்களைவிட அதிகம். இதைத் தெரிந்த ஆசிரியர் ‘இவர்கள் வித்தியாசமானவர்கள், இவர்களை வித்தியாசமாகப் பார்க்க வேணும்’ என்று நினைப்பார். அவருக்குப் புள்ளி குறையும். ஒன்றும் தெரியாமல் ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்று அடையாளம் போட்டவருக்குப் புள்ளி கூடும்.

இன்னொரு சிக்கல், ‘இயலாமை’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் போடுவது. கண் தெரியாத ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறவரும், தலையைச் சுவரில் மோதுகிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறவரும் ஒரே தாளில்தான் எழுதுகிறார்கள். ட்ரிங்கோ என்பவர் 1970இலேயே காட்டியிருக்கிறார், மக்களின் மனசில் இயலாமைகளுக்குள்ளும் சாதி அடுக்கு மாதிரி ஒன்று இருக்கிறது என்று. மேல் தட்டில் அல்சர், ஆஸ்துமா போன்றவை. அடித்தட்டில் அறிவுசார் இயலாமையும் மனநோயும். பொதுவான கேள்வியில் நல்ல புள்ளி வருவது பெரும்பாலும் மேல் தட்டை நினைத்துத்தான்.

கேள்விக்கொத்துக்குப் பதில் சொல்லப் பழகியவர்கள்

புத்தளத்து ஆட்களுக்குக் கேள்விக்கொத்து என்றால் என்னவென்று ஒருத்தரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான். அதற்குப் பிறகு எத்தனை அமைப்புகள், எத்தனை படிவங்கள். வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன, கிணறு யாருடையது, திரும்பிப் போக விருப்பமா இல்லையா. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் எழுதப் படிக்க முதலே ஒரு விசயத்தைக் கற்றுக்கொண்டார்கள்: கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடி, அதைச் சொல். நிவாரணம் அதில் தங்கியிருந்தது. அதைக் குறையாகச் சொல்ல ஏலாது, அது பிழைக்கிற வழி.

உளவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சமூகம் விரும்பும் பதிலைச் சொல்லும் போக்கு. அதையே அளப்பதற்கு 1960இல் க்ரௌன், மார்லோ என்ற இருவர் தனியாக ஒரு அளவுகோல் செய்தார்கள். தாதிய ஆசிரியர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கருணை அவர்களின் தொழில் அடையாளம். ‘இப்படியான நோயாளி வந்தால் எனக்குப் பயம்’ என்று எழுதுகிறவர் தன் தொழிலுக்கே எதிராக எழுதுகிற மாதிரி உணர்வார். அதனால் எழுத மாட்டார்.

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளிக்கு உளவியல் மாணவர்கள் எல்லாரும் படிக்கிற பழைய உதாரணம் ஒன்று இருக்கு. லாபியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சீனர்கள் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலத்தில், ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கப் பிரயாணம் செய்தார். 250க்கும் மேற்பட்ட ஹோட்டல்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போனார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு ‘சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா’ என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் மாட்டோம் என்றார்கள். 1934இல் இதை வெளியிட்டார். அங்கே தாள் கடுமை, ஆள் நேரில் வந்தால் இளக்கம். எங்கட வாட்டுகளில் பயப்பட வேண்டியது இதன் மறுபக்கம்: தாள் இளக்கம், நேரில் வேறு.

வைத்தியர்கள் பற்றிய அண்மைய கணக்கு ஒன்றும் இருக்கு. 2021இல் வெளிவந்த ஆய்வுக்காக லீசா அயிசோனியும் சகாக்களும் அமெரிக்க வைத்தியர்கள் 714 பேரிடம் கேட்டார்கள். பெரிய அளவில் இயலாமை உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடக் கீழானது என்று 82.4 வீதமானோர் சொன்னார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான தரத்தில் சிகிச்சை கொடுக்கலாம் என்று மிகவும் நம்பிக்கையாகச் சொன்னவர்கள் 40.7 வீதம்தான். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது கேள்வியின் வடிவம். ‘நீங்கள் நல்லவரா’ என்று கேட்கவில்லை. ‘உங்களால் ஏலுமா’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மனிசர் கொஞ்சம் உண்மை பேசுகிறார்கள்.

ஒரு இரவு

எங்கட தெருவில் நடந்தது. ஆட்களின் பெயரும் வேணாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேணாம். பத்தொன்பது வயசுப் பையன். பேச்சு இல்லை. வயிற்றுக்குத்து வந்து கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயசு என்பதால் சிறுவர் வாட்டில் எடுக்க மாட்டார்கள், ஆண்கள் வாட்டுக்குத்தான் போட்டார்கள். ஆண்கள் வாட்டில் இரவில் உம்மா நிற்க ஏலாது. வாப்பா கடலில். உம்மா வெளி விறாந்தையில் சீமெந்துத் தரையில் இருந்தார்.

அந்தப் பிள்ளைக்குக் கடுமையாக நொந்தால் தன் கையைத் தானே கடிப்பான். உம்மாவுக்கு அது தெரியும். வாட்டில் இருந்தவர்களுக்கு அது ‘குழப்படி’. இப்படியான பிள்ளைகள் இப்படித்தான் செய்யும் என்று ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டியிருக்கிறார். கடிக்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். நோகுது என்று சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வழியும் அதோடு போச்சு. விடிய வந்த வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடனே சத்திரசிகிச்சைக்கு அனுப்பினார். பிள்ளை தப்பிட்டான்.

கையைக் கட்டிய தாதி கொடுமைக்காரி இல்லை. உம்மாவே சொன்னார், “அந்த மிஸ் நல்ல மனிசி. ரெண்டு தரம் வந்து ‘அனே பவ்’ என்று தலையைத் தடவினா” என்று. இதுதான் என் வாதத்தின் மையம். அன்றிரவு அந்த வாட்டில் ஒரு மனப்பாங்கு அளவுகோலைக் கொடுத்திருந்தால் நல்ல புள்ளிதான் வந்திருக்கும்.

ஏற்கெனவே உள்ள ஒரு முத்திரை புதுசாக வருகிற நோயை மறைத்துவிடுவதை 1982இல் ரைஸும் சகாக்களும் பரிசோதித்துக் காட்டினார்கள். ஒரே அறிகுறிகளை எழுதி, ஒன்றில் அறிவுசார் இயலாமை உண்டென்று சேர்த்து, மற்றதில் சேர்க்காமல், உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். இயலாமை என்று எழுதியிருந்த தாளில் மற்ற நோய் அவர்களின் கண்ணுக்குக் குறைவாகத்தான் பட்டது. படித்தவர்களுக்கும் வருகிற குருடு இது. இரக்கம் இதற்கு மருந்தில்லை. பயிற்சிதான் மருந்து.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. பேச முடியாத பிள்ளைகளின் நோவை அளக்க 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு அளவுகோல் செய்தார்கள். முகம், கால், அசைவு, அழுகை, ஆற்றுப்படுத்தினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட்டு, பத்துக்குக் கணக்கெடுப்பார்கள். விருத்திசார் இயலாமை உள்ள பிள்ளைகளுக்காக 2006இல் திருத்திய வடிவம் ஒன்று வெளியிட்டார்கள். அதில் பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய நோவு அடையாளங்களை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ‘நொந்தால் கையைக் கடிப்பான்’ என்று ஒரு வரி. விறாந்தையில் இருந்த உம்மாவிடம் கேட்க ஒரு நிமிசம் போதும். செலவு ஒரு பேனை.

அப்ப எதை அளக்கிறது?

ஆசிரியர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். பேச முடியாத நோயாளி ஒருவரின் நோவை எப்படி அறிவது என்று உங்கள் மாணவர்களுக்கு எத்தனை மணித்தியாலம் படிப்பித்தீர்கள்? ஆஸ்பத்திரிக்கு வெளியில், நோயாளியாக இல்லாத, விருத்திசார் இயலாமை உள்ள வளர்ந்த ஒருவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? தாயை வாட்டில் நிற்க விடுவதா இல்லையா என்று மாணவி கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் வகுப்பில் அந்தத் துறையின் செய்முறையை நீங்களே செய்துகாட்ட ஏலுமா? தமிழ் மட்டும் தெரிந்த தாயிடம் பிள்ளையின் அடையாளங்களைக் கேட்டு எழுத உங்கள் மாணவிக்கு யார் உதவுவார்?

கடைசிக் கேள்வி புத்தளத்துக்குச் சும்மா சேர்த்தது இல்லை. இந்தக் கரையில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய, வாட்டில் சிங்களம்தான் கூட. பிள்ளைக்குப் பேச்சு இல்லை, தாயின் பேச்சு தாதிக்கு விளங்காது. இரண்டு மௌனம் ஒன்றுசேர்ந்தால் கட்டுகிற கயிறு மட்டும்தான் மிஞ்சும். கேள்விக்கொத்தை ஆங்கிலத்தில் இருந்து அப்படியே மொழிபெயர்த்தால் இந்தக் கேள்வி வரவே வராது, ஏனென்றால் அங்கே அதை எழுதியவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, கேள்விகளை யார் எழுதுவது என்பது. இயலாமை உள்ளவர்களும் அவர்களின் தாய்மாரும் அந்த மேசையில் இருக்க வேணும். பிரித்தானியாவில் ஒலிவர் மெக்கோவன் என்ற ஓட்டிசம் உள்ள பதினெட்டு வயது இளைஞர், அவரும் பெற்றோரும் வேண்டாம் என்று சொன்ன மருந்து கொடுக்கப்பட்டு 2016இல் இறந்துபோனார். அவரின் தாய் விடாமல் போராடியதால் 2022 சட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஓட்டிசம், அறிவுசார் இயலாமை பற்றிய பயிற்சி கட்டாயமாச்சு. அவரின் பெயரில் உருவான பயிற்சியைக் கொடுப்பதில் ஓட்டிசமும் அறிவுசார் இயலாமையும் உள்ளவர்களே பங்கெடுக்கிறார்கள். அது முக்கியம். கோர்டன் ஓல்போர்ட் 1954இல் எழுதியது போல, பழக்கம் ஏற்பட்டால் வெறுப்புக் குறையும், ஆனால் அந்தப் பழக்கம் சமநிலையில் நடக்க வேணும். கட்டிலில் படுத்திருப்பவரும் ஊசியோடு நிற்பவரும் சமநிலையில் இல்லை. வகுப்பின் முன்னால் நின்று பாடம் எடுப்பவராக இயலாமை உள்ள ஒருவரைச் சந்திப்பது வேறு.

மூன்றாவது, தாளோடு நிற்காமல் வாட்டுக்கும் போக வேணும். ஆசிரியர் மாணவர்களோடு கட்டிலருகில் நிற்கும்போது நோயாளியிடம் நேராக எத்தனை தரம் பேசினார் என்று எண்ணுவது கஷ்டமான ஆராய்ச்சி இல்லை. தனி ஆளின் பெயர் வெளியில் வராமல், கல்லூரி வாரியாக முடிவை வெளியிடலாம். தண்டிக்கப்படுவோம் என்று பயந்தால் எல்லாரும் நடிப்பார்கள், அதோடு அளவீடும் செத்தது.

இதுக்கெல்லாம் எங்க நேரம்?

எதிர்க்கேள்வி நியாயமானது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மருந்து இல்லை, ஆள் இல்லை, ஒரு தாதி இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார். இந்த நிலையில் ஆசிரியரின் மனப்பாங்கை அளக்கப் போவது பணக்கார நாட்டுப் பழக்கமில்லையா?

நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆள் குறைந்த வாட்டில்தான் பழக்கம் முடிவெடுக்கும். யோசிக்க நேரமில்லாத தாதியின் கை தனக்குப் படிப்பித்ததைத்தான் செய்யும். நோவை அறியும் முறை கைப்பழக்கமாக இருந்தால் அது வரும். இல்லையென்றால் கயிறு வரும். கயிறு கட்டியபின் வருகிற சத்திரசிகிச்சையும் கூடுதல் நாட்களும் அதே குறைந்த ஆட்களின் தலையில்தான் விழுகிறது.

சட்டமும் எங்கட பக்கம் இருக்கு. இயலாமை உடையவர்களின் உரிமைகளுக்கான சட்டம் 1996லேயே வந்தது, 28ஆம் இலக்கம். ஐ.நா. சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 25ஆம் உறுப்புரை, மற்றவர்களுக்குக் கிடைக்கிற அதே தரத்தில் இவர்களுக்கும் பராமரிப்பு வேணும், அதற்கு சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்க வேணும் என்று சொல்கிறது. பக்கத்தில் இந்தியா, 2016 சட்டத்தின் 47ஆம் பிரிவில் வைத்தியர், தாதியர் படிப்புகளில் இயலாமை ஒரு பாடப் பகுதியாக இருக்க வேணும் என்று எழுதியே வைத்திருக்கிறது. எழுதியது எல்லாம் நடக்குதா என்பது வேற கதை. ஆனால் எழுதியிருந்தால்தான் ‘ஏன் நடக்கவில்லை’ என்று கேட்க ஏலும்.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர்களையும் யாரோ படிப்பித்தார்கள். அவர்களின் காலத்தில் இப்படியான பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை, பெருநாளுக்கு வெளியே வரவில்லை, கலியாண வீட்டில் முன்வரிசையில் இருக்கவில்லை. பழகாத ஒன்றைப் படிப்பிக்கச் சொல்லிவிட்டு மனப்பாங்கு சரியில்லை என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு எது தெரியவில்லை, எதில் பயம் என்று கண்டுபிடித்து அதைக் கொடுக்கத்தான் அளக்கச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் தாதியர் கல்லூரி மாணவர்கள் இருப்பீங்க. மேலே எழுதிய ஐந்து கேள்விகளையும் உங்கட ஆசிரியரிடம் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுங்க, அவர் வேற ஐந்து எழுதினால் இன்னும் நல்லது. ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் இருக்கிற பெரியவர்கள், சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற தீர்மானத்துக்கு முதல் இன்னொரு தீர்மானம் போடலாம்: பேச முடியாத நோயாளி அனுமதிக்கப்பட்டால், எத்தனை வயசானாலும், எந்த வாட்டானாலும், அவரை அறிந்த ஒருவர் இரவில் கூட நிற்கலாம். வீட்டில் இப்படியான பிள்ளை இருக்கிற உம்மாமார், அம்மாமார் ஒரு தாளில் பிள்ளையின் அடையாளங்களை எழுதி, யாரையாவது பிடித்துச் சிங்களத்திலும் எழுதுவித்து, கிளினிக் கொப்பிக்குள் இன்றைக்கே வையுங்க. நொந்தால் என்ன செய்வான், பயந்தால் என்ன செய்வான், எதைக் கொடுத்தால் அடங்குவான். கல்லூரிகள் மாறுகிற வரைக்கும் அந்தத் தாள்தான் பேசும்.